பொட்டலத்தில் வந்த விசா

ஈஸ்வரபாண்டிக்குக் கோவம் வந்தால் முதல் அடி மருந்தடிக்கிற மோட்டாருக்குத்தான் விழும். அன்றைக்கும் அதுக்குத்தான் விழுந்தது. ஒரு தப்பும் செய்யாத மோட்டார். ஒரே உதையில் உறுமலை நிறுத்திக்கொண்டது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று, கொடிகளைப் பார்த்து மனுசன் சபதம் போட்டார்.

“எம் பொண்டாட்டி பிளேன் ஏறுனா நான் ஈஸ்வரபாண்டி இல்ல! இந்த ஓடைப்பட்டியில நான் எவளையும் கேட்டு எதுவும் செஞ்சதில்ல. செய்யவும் மாட்டேன்!”

கேட்க அங்கே இருந்தது தம்பி தங்கபாண்டி மட்டும்தான்.

“அதுக்கு மோட்டாரை ஏண்ணே மிதிக்கிறீக? அதுவா அமெரிக்கா போகுது?”

“வாயை மூடுறா!”

விசயம் இதுதான். ஈஸ்வரபாண்டியின் மனைவி யுவராணி, தேனியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். நியூட்ரினோ என்று ஒரு துகள் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது, மலையைக்கூடச் சத்தமில்லாமல் துளைத்துக்கொண்டு போய்விடுமாம். அதைப் பிடிக்கிற கருவியைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. ஈஸ்வரபாண்டிக்கு நேர் எதிரான துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் நடந்தால் நாலு வீட்டுக் கதவு அதிரும்.

இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் யுவராணியை மூணு வருச ஆராய்ச்சிக்கு வரச்சொல்லிவிட்டது. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் போனிலேயே குதித்தாள். கல்லூரியில் மாலை போட்டார்கள். தெருவே வந்து இனிப்புத் தின்றுவிட்டுப் போனது. ஈஸ்வரபாண்டி மட்டும் லட்டைத் தொடவில்லை. லட்டின் மேலும் கோவம்.

அன்று சாயங்காலம் சமையற்கட்டில் சண்டை ஆரம்பமானது. யுவராணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அந்த ஹெச் ஒன் பி விசாவுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவாகளாம்ல? டீக்கடையில சொன்னாக. ஒனக்கு விழுகாது. நம்ம குடும்பத்துல குலுக்கல்ல ஒரு எவர்சில்வர் வாளிகூட விழுந்ததில்ல.”

“குலுக்கல் கம்பெனிக்காரவுகளுக்குங்க. யுனிவர்சிட்டிக்குக் குலுக்கல் கெடையாது.”

ஈஸ்வரபாண்டியின் முகம் தொங்கிவிட்டது. எவ்வளவு ஆசையாக டீக்கடையில் பொறுக்கி வந்த சேதி! வீட்டு வாசலைத் தாண்டுமுன் செத்துப்போச்சு.

“ஆனா அந்த விசா இப்பக்கி வேணாம்னு யுனிவர்சிட்டியிலயே சொல்லிட்டாக. புதுசா ஏதோ பெரிய கட்டணம் வந்திருக்காம். ஜே ஒன்னுல வாங்கன்னு எழுதியிருக்காக. ஆராய்ச்சிக்குப் போறவுக முக்காவாசிப் பேரு அதுலதான் போறாக.”

“அதுல நான் யாரு?”

“ஜே டூ.”

“அப்படின்னா?”

யுவராணி அடுப்பைக் குறைத்தாள். அடுத்து வரப்போகிற சூட்டுக்கு இந்தச் சூடு போதும் என்று நினைத்திருப்பாள்.

“டிபெண்டன்ட்.”

வந்ததே பாருங்கள் கோவம்! தட்டு ஒரு பக்கம், சட்னி ஒரு பக்கம்.

“யாரு? நானா? கேரளாக்கார யாவாரி லாரியை வாசல்ல நிறுத்திட்டு, நான் வெலை சொல்ற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டான்! அந்த ஈஸ்வரபாண்டி டிபெண்டன்ட்டா? ஒன்னைய அண்டிப் பொழைக்கிறவனா?”

“பேருதாங்க அப்படி. அங்கன போயி அனுமதி கேட்டு வாங்குனா நீங்களும் வேலை பாக்கலாம்.”

“அனுமதியா? நான் வேலை பாக்குறதுக்கு இன்னொருத்தன் அனுமதியா? இந்தா பாரு யுவராணி, நானும் வரமாட்டேன், நீயும் போகமாட்ட. அம்புட்டுத்தான்.”

யுவராணி குரலை உயர்த்தவில்லை. அவள் என்றைக்குமே உயர்த்த மாட்டாள். சிந்திய சட்னியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“நம்ம பக்கத்துப் பொட்டிப்புரத்துல இந்தத் துகளுக்கு ஆராய்ச்சிக்கூடம் வரப்போகுதுன்னு சொன்னப்ப, டிராக்டர்ல கொடி கட்டிக்கிட்டு மொத ஆளாப் போயி வேணாம்னு கத்துனது யாரு?”

“ஊருக்காகக் கத்துனேன். மலை போயிரும், தண்ணி போயிரும்னு சனம் பயந்துச்சு.”

“அது ஊரு நியாயம். நான் அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னேனா? நீங்க கத்துறதுக்குத் தொண்டை வறளும்னு மோரு குடுத்துவிட்டேன். அந்தக் கூடம் வந்திருந்தா நான் ஸ்கூட்டர்ல போயிட்டு சாயங்காலம் வந்து தோசை ஊத்தியிருப்பேன். பொட்டிப்புரத்துல வேணாம்னும் நீங்கதான் சொல்றீக, அமெரிக்காவுல வேணாம்னும் நீங்கதான் சொல்றீக. பின்ன நான் அந்தத் துகளை எங்கன போயித் தேட? உங்க பந்தலுக்குள்ளயா?”

பதில் இல்லாத ஆம்பளை என்ன செய்வான்? செருப்பைத் தேடுவான். ஈஸ்வரபாண்டி செருப்பைத் தேடினார். வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“நீங்களும் வந்தாத்தான் என்னவாம்? தனியா அங்கன போயி நான் யாரு கூடச் சண்டை போடுவேன்?”

அது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. விழுந்ததனால்தான் கோவம் இன்னும் கூடியது. உள்ளதைச் சொன்னால் மனுசனுக்குப் பயம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் யாரைப் பார்த்துக் கத்துவது? மூணு வருசம் சுவரைப் பார்த்தா கத்த முடியும்? பயம் என்று ஒத்துக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால் கோவம் என்று பெயர் வைத்துக்கொண்டு பைக்கை உதைத்தார்.

நேராக அல்லிநகரம். அங்கே மொபைல் கடைக்கு மாடியில் திலீபன் என்கிற பையன் விசா ஆலோசனை ஆபீஸ் வைத்திருக்கிறான். சுவர் பூராவும் ஊர் ஊராகக் கட்டடப் படங்கள்.

“யாருக்கு விசா வேணும்ணே?”

“எனக்கு விசா வேணாம். எம் பொண்டாட்டிக்குக் கெடைக்கப் போகுது. அது கெடைக்காம இருக்க என்ன செய்யணும்?”

திலீபன் பேனாவைக் கீழே வைத்தான். “அண்ணே, இந்த ஆபீசுக்கு எல்லாரும் கெடைக்கணும்னுதான் வருவாக. நீங்கதான் மொத ஆளு.”

“வியாக்கியானம் வேணாம். வழியைச் சொல்லு.”

“என்ன விசா?”

“ஜே ஒன்னு.”

“அப்படின்னா இன்டர்வியூவுல ஒரு கேள்விதான் முக்கியம். வேலை முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பி வருவாகளா, அங்கேயே தங்கிருவாகளான்னு பாப்பாக. சொந்த ஊர்ல நிலம் இருக்கா, குடும்பம் இருக்கா, அதெல்லாம் கேப்பாக. மதினிக்கு என்ன இருக்கு?”

“அஞ்சு ஏக்கர் விதையில்லாத் திராட்சை இருக்கு. நான் இருக்கேன்.”

“முடிஞ்சது போங்க! தோட்டமும் புருசனும் இங்கன இருந்தா கண்டிப்பாத் திரும்பி வருவாகன்னு விசா குடுத்துருவாக.”

அட அநியாயமே! தான் ராப்பகலாகக் காத்த தோட்டமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கிளம்பிவிட்டது. ஈஸ்வரபாண்டி மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

“வேற விசா ஏதும் இருக்கா? அவளுக்குக் கெடைக்கவே கெடைக்காத மாதிரி?”

“ஓ ஒன்னுன்னு ஒண்ணு இருக்குண்ணே. அசாத்தியத் தெறமை இருக்கிற விஞ்ஞானிகளுக்கு.”

“அவகிட்ட என்னடா அசாத்தியத் தெறமை இருக்கு?”

திலீபன் அவரை மேலும் கீழும் பார்த்தான். “இத்தனை வருசம் உங்க கூட…” என்று ஆரம்பித்து, மிச்சத்தை விழுங்கிக்கொண்டான். பிறகு, பாவம் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு சின்ன வழி சொன்னான்.

“புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து கெளம்புனா, சில நேரம் ஒரு சந்தேகம் வரும். மொத்தமாப் போறாகளே, திரும்பி வருவாகளான்னு. சில நேரம்தாண்ணே. உறுதியில்ல.”

“நான் டிபெண்டன்ட்டாப் போயி நிக்கவா? அதுக்கு நான் நாண்டுக்கிட்டுச் சாவேன்!” என்று மாடிப்படி அதிர இறங்கி வந்துவிட்டார். பாதி வழியில் பைக்கை நிறுத்தினார். வேறு ஒரு யோசனை வந்துவிட்டது. அமெரிக்காக்காரனிடம் ஏன் போக வேண்டும்? பேச்சியம்மாவிடம் போனால் போதாதா?

அவர்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெரிய காரியம் என்றால் குலசாமி பேச்சியம்மா கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி கட்டி ஆத்தா காலடியில் போடுவார்கள். எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்று, காரியம் யாருடையதோ அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வழக்கமாக வெள்ளை என்றால் செய்யலாம், செவப்பு என்றால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள், அப்படியே ஓடையில் விட்டுவிடுவார்கள். பொட்டலம் கட்டுகிற உரிமை குடும்பத் தலைவருக்கு. இந்தக் குடும்பத்தில் அது யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் குரலில் தேன் ஒழுகியது.

“யுவராணி, நமக்குள்ள எதுக்குச் சண்டை? ஆத்தாகிட்டப் பூக்கேட்டுருவோம்.”

யுவராணி அவரை ஒரு நிமிசம் பார்த்தாள். “கேட்டுருவோம். ஆத்தா சொன்னா நான் கட்டுப்படுறேன். நீங்களும் கட்டுப்படுவீகளா?”

“ஏன் மாட்டேன்?”

“பங்காளிக முன்னாடி சொல்லணும்.”

“மைக்குப் போட்டே சொல்றேன்!”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஈஸ்வரபாண்டி வீட்டுக் கொல்லையில் குனிந்து நின்றார். செவ்வரளியைப் பறித்தார். ஒரு பொட்டலம் கட்டினார். மறுபடியும் செவ்வரளியைப் பறித்தார். இன்னொரு பொட்டலம் கட்டினார். பேச்சியம்மாவையே ஏமாற்றுகிறார் பாருங்கள்! ஒரு பக்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டே இன்னொரு பக்கம் நூலைச் சுற்றுகிறார். “ஆத்தா, தப்பா நெனைக்காத, குடும்பம் செதறக் கூடாதுல்ல” என்று சமாதானம் வேறு.

கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பூசாரி சின்னக்கருப்பு பொட்டலங்களை வாங்கி ஆத்தா காலடியில் போட்டார்.

“நல்லாக் கேட்டுக்கங்க!” என்று ஈஸ்வரபாண்டி நெஞ்சை நிமிர்த்தினார். “ஆத்தா என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுவேன். மீறுனா என்னைப் பங்காளியாவே சேக்க வேணாம்!”

எல்லாருக்கும் மெய்சிலிர்த்தது. சின்னக்கருப்பு யுவராணியைப் பார்த்தார். “கேள்வியைப் போடுத்தா.”

யுவராணி கைகூப்பினாள். கல்லூரியில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் அது. கோயில் பூராவும் கேட்டது.

“ஆத்தா பேச்சி! இந்த வேலையை எனக்குக் குடுத்ததே நீதான். நீ குடுத்ததை வாங்கிக்கிறவான்னு ஒன்கிட்டயே கேட்டா அது மரியாதை இல்ல. எனக்கு இருக்கிற சந்தேகம் ஒண்ணே ஒண்ணு. வெள்ளைப் பூ வந்தா, நான் தனியாப் போறேன். செவப்புப் பூ வந்தா, எங்க வீட்டுக்காரரும் என் கூட வர்றாரு.”

ஈஸ்வரபாண்டி ஒரு அடி முன்னால் பாய்ந்தார். “ஏய்! ஏய்! என்ன கேக்குற நீ? அதுவா கேள்வி?”

“ஸ்ஸ்!” என்று அதட்டினார் சின்னக்கருப்பு. “கேள்வி விழுந்தாச்சு. நடுவுல மனுசன் பேசக்கூடாது.”

“அதுக்கில்ல பூசாரி…”

“பேசக்கூடாதுன்னேன்!”

தங்கபாண்டியின் மகள், இப்போதுதான் நடை பழகுகிற சிம்ரன், தத்தித் தத்திப் போனாள். இந்தப் பொட்டலத்தைத் தொட்டாள், அதை விட்டுவிட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். எதை எடுத்தால் என்ன? ஈஸ்வரபாண்டி கண்ணை மூடிக்கொண்டார். பூசாரி பிரித்தார்.

“செவப்பு!”

பெண்கள் குலவை போட்டார்கள். பங்காளிகள் வந்து ஈஸ்வரபாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பெரியவர் திருநீறே பூசிவிட்டார். “கொடுத்து வச்சவகடா நீங்க. ஆத்தாளே சேத்து அனுப்புறாக!”

“இது செல்லாது!” என்று கத்தினார் ஈஸ்வரபாண்டி. “பிள்ளை ரெண்டையும் தொட்டிருச்சு. மறுபடியும் போடணும்!”

எல்லாரும் யுவராணியைப் பார்த்தார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள்.

“சரிங்க. மறுபடியும் போடுவோம். அதுக்கு முந்தி அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சு எல்லாருக்கும் காட்டிருங்க. வெள்ளைப் பூ வாடாம இருக்கான்னு பாத்துக்குவோம்.”

ஈஸ்வரபாண்டி பங்காளிகளைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். அத்தனை பங்காளிகள் முன்னால், அதுவும் மைக்குப் போடாத குறையாகச் சபதம் செய்துவிட்டு, சாமியிடம் கள்ளத்தனம் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? அவரே பாய்ந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தார். ஓடைக்கு ஓடினார். தண்ணீரில் போட்டுவிட்டு, அது கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் நின்றார்.

“வேணாம். ஆத்தா சொன்னது சொன்னதுதான்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

வீட்டுக்குப் போகிற வழியில், பைக்கின் பின்னால் உட்கார்ந்து யுவராணி மெதுவாகச் சொன்னாள். “காலையில கொல்லைக்குப் போனேன். செவ்வரளிச் செடி மொட்டையா நின்னுச்சு. வெள்ளைக்கு இருக்கிற நந்தியாவட்டையில ஒரு பூக்கூடப் பறிக்கலையே நீங்க.”

பைக் தானாகவே ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஈஸ்வரபாண்டிக்கு உள்ளே கொதித்தது. தன் மேலேயே கோவம். நாலு நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக் குப்பையிலாவது போட்டிருக்கலாமே! அந்தப் புத்திகூட இல்லாமல் போச்சே!

ஆனால் மனுசன் தோற்றுவிட்டார் என்று நினைக்காதீர்கள். மறுநாளே அல்லிநகரத்தில் போய் நின்றார்.

“திலீபா! எனக்கும் சேத்து எழுது. ஜே டூ!”

“நாண்டுக்கிட்டுச் சாவேன்னீகளே அண்ணே?”

“சேந்து போனா சந்தேகம் வரும்னு சொன்னேல்ல? அந்தச் சந்தேகத்தை நான் வளத்துக்கிறேன். நீ எழுது.”

திட்டம் சுருக்கமானது. திரும்பி வருவீர்களா என்று ஆபீசர் கேட்பான். ‘சொல்ல முடியாதுங்க’ என்று ஒரு வார்த்தை இவர் சொல்ல வேண்டியது. இரண்டு விசாவும் காலி. ஆத்தா சொல்லியும் அமெரிக்காக்காரன் விடவில்லை என்று ஊருக்கு வந்து அழுதுகொள்ளலாம். பழியும் கடல் தாண்டிப் போய்விடும். அந்தச் சந்தோசத்தில் சென்னை போகிற வரைக்கும் ரயிலில் நன்றாகத் தூங்கினார்.

அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார ஆபீசர். முதலில் யுவராணியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். ஆராய்ச்சி, கருவி, பல்கலைக்கழகம். அவள் சிரித்த முகமாகப் பதில் சொன்னாள். கடைசியில் ஏதோ இரண்டு வரி சொல்லி, இவர் பக்கம் கையைக் காட்டினாள். ஆபீசர் தலையாட்டிவிட்டுத் தமிழுக்கு மாறினார். புத்தகத்தில் படித்த தமிழ்.

“வணக்கம் ஐயா. நீங்கள் விவசாயியா?”

“ஆமா.”

“மூன்று ஆண்டுகள் கழித்து இருவரும் திரும்பி வருவீர்களா?”

வந்துவிட்டது கேள்வி! ஈஸ்வரபாண்டி தொண்டையைச் செருமினார். “அதை இப்பச் சொல்ல முடியாதுங்க.”

பக்கத்தில் நின்ற யுவராணி அசையவில்லை. ஆபீசர் புருவத்தைத் தூக்கினார்.

“அப்படியா? அப்படியென்றால் உங்கள் திராட்சைத் தோட்டத்தை விற்றுவிடுவீர்களா?”

அவ்வளவுதான். திட்டம், சந்தேகம், திலீபன் எல்லாம் பறந்துபோனது. ஈஸ்வரபாண்டி கண்ணாடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“விக்கிறதா? எவன்யா சொன்னது? எங்கப்பன் கல்லுப் பெறக்குன மண்ணுய்யா அது! ஒவ்வொரு கொடியையும் நான் பிள்ளை மாதிரி பந்தல்ல ஏத்திவிட்டிருக்கேன்! அதை விட்டுட்டு ஒங்க ஊர்ல வந்து குந்திக்கிட்டு இருப்பேன்னு நெனைச்சியா? இவ வேலை முடிஞ்ச மறுநாளு இவளைத் தரதரன்னு இழுத்துக்கிட்டு ஓடைப்பட்டியில வந்து நிப்பேன்! ஒங்க ஊரை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேணாம்யா ஒங்க ஊரு!”

வரிசையில் நின்ற சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காவலாளி ஒருவர் ஓடிவந்தார். ஆபீசர் அவரைக் கைகாட்டி நிறுத்தினார். முகம் பூராவும் சிரிப்பு.

“ஐயா, இதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. உங்கள் இருவருக்கும் விசா அனுமதிக்கப்படுகிறது. நன்றாகப் போய் வாருங்கள்.”

வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் ஈஸ்வரபாண்டிக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. உதைக்க மோட்டார்கூட இல்லை.

“அந்த ஆளுகிட்ட இங்கிலீஷ்ல கடைசியா என்னத்தைச் சொன்ன?”

“பொய்யி ஒண்ணும் சொல்லலங்க. எங்க வீட்டுக்காரரு விவசாயி, தோட்டத்தை என்ன செய்யப் போறாருன்னு அவரையே கேளுங்கன்னு சொன்னேன்.” யுவராணி முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். “உங்க கோவத்தை நம்பித்தானே கூட்டியாந்தேன்.”

அப்போது பார்த்து போன் அடித்தது. தங்கபாண்டி. பின்னால் பங்காளிகள் கூட்டமாய்க் கத்துகிற சத்தம்.

“அண்ணே! விசா கெடைச்சிருச்சாமே! மதினி இப்பத்தான் சேதி அனுப்புனாக. எப்பண்ணே கெளம்புறீக?”

ஈஸ்வரபாண்டி மீசையைத் தடவினார். தொண்டையைச் செருமினார். மெதுவாகச் சொன்னார்.

“இருடா. ஒங்க மதினியக் கேட்டுச் சொல்றேன்.”